கிணறு வற்றியதும் கை கொடுத்தவர்கள்

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் காலை பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். அதில் காணை ஊர்ப் பக்கத்து அம்மா, அருகில் இருந்தவரிடம் சொன்னார்.

“கிணறு வத்திப் போச்சுன்னதும் வந்து கை குடுத்தாங்க மரியா.”

“உதவி பண்ணாங்களாக்கா?”

“எங்க! கையப் புடிச்சிக் குலுக்கினாங்க. உலகம் பூரா தண்ணி, மரம், காத்துன்னு ஆராய்ச்சி பண்றவங்களாம். ரெண்டு வருஷமா எங்க கிணத்துல மிஷின் வுட்டு அளந்துக்கினு இருந்தாங்க. பங்குனியில வத்தும்னு அவங்க கம்ப்யூட்டர் அப்பவே சொல்லிச்சாம். அதேமாரி வத்திடுச்சின்னு ஒரே சந்தோஷம்.”

“உங்ககிட்ட முன்னாடியே சொல்ல வேணாமா?”

“கேட்டேனே. ரிப்போர்ட்ல போட்டோம்ன்றாங்க. அது இங்கிலீஷ்ல வெளிநாட்டுக்குப் போயிருக்கு. நான் இங்க நெல்லு நட்டுட்டேன். கதிர் வர்ற நேரத்துல மொத்தமும் காஞ்சி போச்சு. வயல்ல நின்னு அழுதேன். அதையும் போட்டோ எடுத்துக்கினு போனாங்க.”

“அப்புறம்?”

“அளக்க வர்ற பொண்ணு செஞ்சிக்காரப் பொண்ணு. அதுக்கு மனசு கேக்கல. ‘இந்த வருஷமும் தண்ணி கம்மிதாம்மா, நெல்லு வேணாம், கேப்பை போடுங்க’ன்னு போன் பண்ணிச்சு. வெதை வாங்கத்தான் போய்க்கினு இருக்கேன்.”

 மரியா போனை எடுத்தார்.

“அந்தப் பொண்ணு நம்பரக் குடுங்கக்கா. எங்க கிணறு எப்ப வத்தும்னு கேக்கணும்.”