எல்லைக்கு வெளியே

எனக்கு அதிர்ந்து பேச வராது. வீட்டிலும் அப்படித்தான். விமானிகளோடு ரேடியோவில் பேசுகிற வேலைக்கு அது தோதான குணம் என்று என்னை எல்லோரும் மெச்சுவார்கள்.

எங்கள் விமான தளம் சின்னது. சுற்றியுள்ள வான்வெளி என் பொறுப்பு. விமானி எல்லைக்கு வெளியிலிருந்தே கூப்பிட்டு அனுமதி கேட்க வேண்டும். காத்திருக்கச் சொன்னால் அங்கேயே வட்டமடிக்க வேண்டும். வழி திறந்ததும் நான் அழைத்து, உள்ளே வரச் சொல்வேன்.

கலைவாணன் எனக்குப் பக்கத்து ஊர், பாப்பாரப்பட்டி. கெட்டிக்கார விமானி. போன மாதம் அனுமதி கேட்காமலே உள்ளே வந்து இறங்கினார். புகார் கொடுத்தேன். கேன்டீனில் என் தோளில் கைபோட்டு, "வானத்துக்கு எதுக்குங்கண்ணா வேலி?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். இன்னொரு புகார் வந்தால் அவருடைய உரிமம் போய்விடும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

அன்று மாலை தொப்பூர் மலைக்கு மேலிருந்து கூப்பிட்டார். இடம், உயரம் எல்லாம் முறைப்படி சொல்லி அனுமதி கேட்டார். வேறொரு விமானம் இறங்கிக்கொண்டிருந்ததால் காத்திருக்கச் சொன்னேன். அதில் தவறில்லை.

அந்த விமானம் இறங்கி ஒதுங்கிவிட்டது. நான் கலைவாணனை அழைக்கவில்லை. அவரே மறுபடி கேட்டார். காத்திருங்கள் என்றேன்.

மழை தெரியவில்லை என்று முதல் விசாரணையில் உங்களிடம் சொன்னேன். அது பொய். மேகம் இறங்கி மலையை மூடுவதைக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கொஞ்சம் கெஞ்சட்டும் என்று தோன்றியது. பக்கத்தில் பயிற்சிக்கு இருந்த ஆக்சிலியா, "சார், ரன்வே ஃப்ரீயாதானுங்களே இருக்குது?" என்றாள். அவளை டீ வாங்கிவர அனுப்பினேன்.

கடைசியில் அவர் தமிழில் பேசினார்.

"அண்ணா, மழ புடிச்சிக்கிச்சுங்க. மலை எங்கன்னே தெரியல. உள்ள உட்டுருங்கண்ணா."

ஆபத்து என்றால் அதைச் சொல்ல ஒரு சொல் இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டு அனுமதி இல்லாமலே வந்திருக்கலாம். புகாருக்குப் பயந்திருப்பார். காத்திருங்கள் என்றேன். "சரிங்கண்ணா" என்றார். பிறகு வெறும் இரைச்சல்தான்.

அவர் மனைவி சசிகலா என்னைப் பார்க்க வந்தார். "கடைசியா என்ன சொன்னாருங்கண்ணா?" என்று கேட்டார். "உள்ள வர அனுமதி கேட்டாரும்மா" என்றேன். அது பொய்யில்லை.

இப்போது ஹெட்போனைக் கழற்றி வைத்த பிறகும் அந்தக் குரல் வருகிறது. பஸ்ஸில் வருகிறது, சோற்றில் கை வைக்கும்போது வருகிறது. பயமாக இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் இடம், உயரம் சொல்லிப் பணிவாகக் கேட்கிறார். என் வாயில் வேறு பதில் வருவதில்லை.

ஓடுபாதை காலியாக இருந்தது, வானமும் காலியாக இருந்தது, வேண்டுமென்றேதான் நிறுத்திவைத்தேன். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள், ஐயா. அவர் விழுந்த இடம் எல்லைக்கு வெளியே. என் வான்வெளிக்குள் இன்றுவரை ஒரு விபத்தும் நடந்ததில்லை.