பாதியில் நின்ற சோதனைகள்

– மருந்தளவை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடலாமே அண்ணி? ஒரு பட்டன்தானே...

– ஆபீஸ்ல அண்ணின்னு கூப்பிடாதேன்னு எத்தனை தடவை சொல்றது?

– இங்க நம்மளை விட்டா யாரு இருக்கா? உங்க ஏஐ-தான் இருக்கு.

– அதைப் பத்திப் பேசாதே, எரிச்சலா வருது. சரியான ஆமாஞ்சாமி!

– ஐயய்யோ... போன வாரம்தான் தலையில தூக்கி வச்சுக்கிட்டு ஆடினீங்க. நம்ம புது மருந்தை மனுஷனுக்கு எவ்வளவு குடுக்கலாம்னு ரெண்டு வருஷமா பார்க்கற வேலையை ஒரே வாரத்துல முடிச்சுடுச்சுன்னு.

– ஆடினேன், இல்லேங்கலை. இன்னிக்குக் காலையில கை சும்மா இருக்காம, அந்தப் பழைய மருந்து இருக்கே... எலிக்கெல்லாம் ஈரல் கெட்டுப்போச்சுன்னு தூக்கிப் போட்டோமே...

– நான்தானே அந்த எலிங்களைப் பார்த்துக்கிட்டேன்.

– அதை மனுஷனுக்குக் குடுக்கலாமான்னு இதுகிட்ட கேட்டேன்.

– ம்... என்ன சொல்லுச்சு?

– தாராளமா குடுக்கலாமாம்! இன்னும் நாலு கெட்ட மருந்தைக் காட்டினேன். எல்லாத்துக்கும் அதே பதில்.

– பழைய சோதனை எல்லாத்தையும் படிக்க வச்சோமே அண்ணி?

– எங்க வச்சோம்? அரைகுறைப் பதிவு வேண்டாம், முழுசா முடிஞ்சது மட்டும் போதும்னு நான்தானே சொன்னேன். பெரிய சுத்தக்காரி! எந்தச் சோதனை பாதியில நிக்கும், சொல்லு?

– மருந்து ஆபத்துன்னு தெரிஞ்சா... நிறுத்திடுவோம்.

– அவ்வளவுதான். கெட்ட மருந்து ஒண்ணைக்கூட இது பார்த்ததே இல்லை. இது சொன்ன அளவை நம்பி எப்படி ஊசி போடறது?

– நம்ம புது மருந்து நல்லதாவும் இருக்கலாம்ல?

– இருக்கலாம். அப்படிச் சொல்லிக்கிட்டே ஆளுக்குப் போட முடியுமா?

– இன்னிக்கு விட்டா ஆஸ்பத்திரியில சோதனைக்கு ஒதுக்கின நம்ம இடம் வேற கம்பெனிக்குப் போயிடும். அப்புறம் மூணு மாசம் ஆகும். அதுவரைக்கும் தாங்காதவங்க இருக்காங்க.

– தெரியும்.

– உங்களுக்குத் தெரியாது. சோதனைக்குப் பேர் குடுத்த நோயாளிங்கள்ல...

– உங்க அண்ணனும் இருக்காரு. நீதான் எனக்குத் தெரியாம கூட்டிட்டுப் போனே.

– ...யார் சொன்னா?

– அவர் மூச்சு வாங்கறதைக் கேட்டுக்கிட்டே பக்கத்துல படுத்திருக்கறவ நான். என்கிட்ட மறைக்க முடியுமா?

– தெரிஞ்சுமா வேண்டாங்கறீங்க? நாலு படி ஏற முடியலை அவரால. என்ன கல்நெஞ்சு அண்ணி உங்களுக்கு!

– வாயை அளந்து பேசு! எனக்கு வயிறு எரியலைன்னு நினைச்சியா? அவர் இல்லாம எனக்கு யாரு இருக்கா? ஆனா அவருக்கும் சரி, அவர்கூடப் பேர் குடுத்தவங்களுக்கும் சரி, இந்த அளவை அனுப்ப மாட்டேன்.

– மேல இருக்கறவங்க சும்மா விட மாட்டாங்க.

– விட வேண்டாம். நிறுத்தச் சொல்லி, காரணத்தையும் எழுதி, மத்தியானமே அவங்களுக்கு மெயில் போட்டுட்டேன். உன்கிட்ட சொல்லத்தான்... வாய் வரலை.

– தெரியும்.

– என்ன தெரியும்?

– அந்த மெயிலை மேல இருந்து எனக்கும் அனுப்பினாங்க. அப்பவே, பாதியில நின்ன சோதனையை எல்லாம் தேடி எடுத்து இதுக்குப் படிக்கக் குடுக்க ஆரம்பிச்சுட்டேன்.

– அடப்பாவி! அப்புறம் ஏண்டா இவ்வளவு நேரம் என்கூட மல்லுக்கு நின்னே?

– அண்ணன் பக்கம் நின்னு ஒருத்தராவது கேட்டிருக்கணும்ல, அண்ணி...