தேவதாசன் பசந்து

— ஏளா ஜெயஷீலா, சுத்தி வளைக்காத. என் மாமரம் தனி ஜாதியா, இல்லையா? ஒங்க காலேஜ் லேப்ல என்ன சொல்லுதாவ?

— தனிதான் மாமா. கொட்டை போட்டு முளைச்ச மாமரம் எல்லாமே தனிதான். ஒரே மரத்துக் கொட்டைல ஒண்ணு உருண்டையாக் காய்க்கும், ஒண்ணு மூக்கு வச்சிக் காய்க்கும். ஒட்டு மரந்தான் தாயை உரிச்சு வச்சாப்ல இருக்கும்.

— அப்பம் இமாம் பசந்து மாதிரி ‘தேவதாசன் பசந்து’ன்னு பேரைப் பதிஞ்சிர வேண்டியதுதான்! சர்ச்சுல ஸ்தோத்திரப் பண்டிகை ஏலத்துல என் பழத்துக்கு அடிச்சிக்கிடுதானுவ. எங்க மில்லர்புரத்துல இப்படி ஒரு மரம் உண்டுமா? நாரே கிடையாது.

— பதியலாம். ஆனா நீங்க குடுத்த கொட்டையெல்லாம் பாத்தோம். எல்லாத்துக்கும் அப்பன் ஒரே மரம். உங்க மரம் தன் மகரந்தத்தையே ஏத்துக்கிடாது மாமா. வேற மரத்துல இருந்து ஈ கொண்டாந்தாத்தான் காய் பிடிக்கும்.

— ஈயா! சரி, எந்த மரம்? அல்போன்சாவா?

— பக்கத்து வீட்டு மந்திரமூர்த்தி அண்ணாச்சி மரம்.

— அந்தப் புளிச்சியா? ஊறுகாய்க்குக்கூட ஆகாதே! கர்த்தரே... இலையை மாத்தி வச்சிருப்பிய.

— ரெண்டுக்கும் சம்பந்தமே இல்லன்னு காட்டச் சொல்லி, அந்த இலையைப் பறிச்சுக் குடுத்ததே நீங்கதான்.

— அப்பம் என் பழத்துல அவன் புளிப்பும் இருக்கா?

— சதை முழுக்க உங்க மரந்தான். கொட்டைக்குள்ளதான் பாதி அவுக.

— பாதியா!

— அந்த மரம் இல்லன்னா உங்களது பூக்கும், காய்க்காது. அக்கம்பக்கத்துல வேற மாமரமும் இல்ல.

— நான் அவன்கிட்ட வருசக்கணக்கா மல்லுக்கட்டுதேன், ‘இலையெல்லாம் என் வீட்டு முத்தத்துல விழுது, மரத்தை வெட்டுலே’ன்னு. அசையவே மாட்டேங்கான்.

— நல்லவேளை! போன் போட்டு சமாதானமாப் போங்க மாமா.

— நானா? ஹெட்மாஸ்டரா இருந்தவன் நானாப் போய்ப் பேசவா?

— அப்பம் பேரை மட்டும் பதிஞ்சிருவோம். பழம் வேண்டாம்.

— இரி, இரி. போனைக் குடு. ஸ்பீக்கர்ல போடு... அலோ, மந்திரமூர்த்தியா? தேவதாசன் பேசுதேன். நாசரேத்துல தங்கச்சி வீட்டுல இருக்கேன். அந்த மரத்து விசயம்... இலை விழுந்தா விழுந்துட்டுப் போவுது. நான் பேசுனதுதான் தப்பு.

— ஐயோ சாரு, பெரிய வார்த்தையெல்லாம் எதுக்கு? நாந்தான் உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும், பாத்துக்கிடுங்க. பக்கத்து வீட்டு மனுசர் மனசு நோக நமக்கு ஒரு மரம் தேவையான்னு எங்க வீட்டுல செல்வராணியும் சொல்லிட்டா. நீங்க ஊருக்குத் திரும்பி வாரப்ப முத்தம் பளிச்சின்னு இருக்கட்டும்னு, இன்னைக்குக் காலையிலயே வேரோட எடுத்தாச்சு சாரு!