இது ஆளா என்று கேட்டது

முதலில் காபியைக் குடியுங்கள், இன்ஸ்பெக்டர் ஸார். சிக்கரி கொஞ்சம் தூக்கலாக இருக்கும். மைசூரில் அதை ஒரு குறையாக யாரும் சொல்வதில்லை.

பக்கத்து வீட்டு நஞ்சுண்டையா என் வீட்டு முற்றத்தில் தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியில், அதுதான் சம்பில், விழுந்து செத்ததற்குக் கேமராதான் காரணம் என்று எங்கள் லேஅவுட் சங்கத் தலைவர் புட்டசாமி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். எதிரே ஆள் தத்தளித்தபோதும் அதற்கு ஆள் தெரியவில்லையாம். அபாண்டம். கேமராவின் மேல் பழி விழுவதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியாது. அதனால்தான் உங்களை நானே கூப்பிட்டேன்.

நான் எடை அளவுத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். என் பேர் ஹெப்பார்; நான் மார்க்கெட்டுக்குள் நுழைந்தால் தராசுப் படிக்கற்கள் பயத்தில் தாமாகவே எடை கூடிக்கொள்ளும் என்பார்கள். துல்லியம் என்றால் எனக்கு உயிர். ஆளைக் கண்டால் எல்லோர் போனிலும் மணியடிக்கும் புதுக் கேமராக்களைச் சங்கம் வாங்கியதும், அவற்றைப் பழக்கும் வேலை என்னிடம் வந்தது; ஒன்று என் வீட்டு முற்றத்தையே பார்த்தபடி இருந்தது.

ஆரம்பத்தில் அவை பச்சைக் குழந்தைகள், ஸார். கொடியில் காயும் வேட்டி ஆள். தென்னை மட்டை ஆள். சதுர்த்திக்கு வந்த பிள்ளையார் ஆள். அன்றைக்கு அவர் பின்னாலேயே வந்த புட்டசாமி மட்டும் ஆள் இல்லை. அதை முழுத் தவறு என்று நான் இன்றும் சொல்ல மாட்டேன். மணி அடித்து அடித்து லேஅவுட்டில் இருந்த நாய்களெல்லாம் குரைப்பதையே விட்டுவிட்டன.

வேலை எளிதுதான். கேமராவுக்குச் சந்தேகம் வந்தால் படத்தை முதலில் என் போனுக்கு அனுப்பி, இது ஆளா என்று கேட்கும். ஆம் என்றால் எல்லா வீட்டிலும், கேட் காவலாளியின் அறையிலும் மணி அடிக்கும். இல்லை என்றால் படத்தை அழித்துவிட்டு அது பாடம் கற்றுக்கொள்ளும். அழுத்த இரண்டே பொத்தான்கள். மூன்றாவது கிடையாது.

இப்போது நஞ்சுண்டையா. விடிந்தும் விடியாமலும் குரங்குக் குல்லா, பழுப்புச் சால்வை, கையில் கொக்கி வைத்த கம்பு, பிளாஸ்டிக் பை. என் கேட்டைத் தானே திறந்துகொண்டு வந்து, என் மனைவி வாரிஜா வைத்த செண்பக மரத்தை மொட்டையடித்துவிட்டுப் போவார். நீங்களும் இந்த ஊர்தான். சாமிக்குப் பறிக்கும் பூ திருட்டில் சேராது என்பது இங்கே சட்டத்துக்கும் மேலான சட்டம். ஒருநாள் கையும் பூவுமாகப் பிடித்தேன். மனிதர் அசரவில்லை.

"உங்க பூவை உங்க பேர்லயா வெக்கறேன் ஹெப்பாரே, சாமி பேர்லதான வெக்கறேன். உங்களுக்கு உக்காந்த எடத்துல புண்ணியம். நியாயமா நீங்கதான் எனக்குக் காபி குடுக்கணும்."

வாரிஜா படுக்கையில் விழுந்த பிறகு ஜன்னல் வழியே அந்த மரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரே ஒரு பூ வேண்டும் என்பாள். நான் போய்ப் பார்த்தால் இலைதான் இருக்கும். அவள் போன அன்றைக்கும் மரத்தில் பூ இல்லை. நஞ்சுண்டையா வந்தார். ஒரு தட்டு நிறையச் செண்பகம். அதை அவள் காலடியில் வைத்துக் கும்பிட்டார். எவ்வளவு பெரிய மனசு என்று தெருவே உருகியது. எனக்கு அந்த வாசனை தெரியும், ஸார். அது எங்கள் மரம். நான் கைகூப்பி அவருக்கு நன்றி சொன்னேன். சொல்ல வேண்டியிருந்தது.

அதன் பிறகும் அவர் வந்தார். தினமும் விடியலில் ஆம் என்று அழுத்தினேன், மணி அடித்தது. வீடியோவைச் சங்கக் கூட்டத்தில் போட்டுக் காட்டினேன். சிரித்தார்கள். அவர் நடை அழகாக இருக்கிறதாம்.

"நம்ம நஞ்சுண்டையா என்ன திருடனா ஹெப்பாரே? அவர் வந்தா மட்டும் அது கத்தாம பண்ணுங்க. ஜனங்க தூங்கணுமில்ல" என்றார் புட்டசாமி.

பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த நஞ்சுண்டையா என் தோளைத் தட்டினார். "அவரை விடுங்க தலைவரே. வாழ்நாள் பூரா கல்லை எடை போட்டவரு. ஆளைப் பாத்தா அவருக்கே தெரியாது, பாவம், கேமராவுக்கு எங்க சொல்லித் தருவாரு?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

மறுநாள் விடியலில் அவர் படம் வந்தது. இது ஆளா? இல்லை என்று அழுத்தினேன். சங்கத்தின் உத்தரவு, ஸார், தீர்மானப் பதிவில் இருக்கிறது. அவரை விடச் சொன்னார்கள், விட்டேன். ஆனால் அப்படி ஒரு ருசியை அதற்கு முன்னால் நான் எந்த இனிப்பிலும் கண்டதில்லை. குல்லாவோடு வந்தால் இல்லை. குனிந்தால் இல்லை. கம்பைத் தூக்கினால் இல்லை. கடைசியில் அவர் கேமராவுக்கு நேராக நின்று கொட்டாவி விட்டாலும் தெருவில் ஒரு போன்கூட முனகவில்லை. பூனையைப் பூனை என்றும், பால்காரரைப் பால்காரர் என்றும் சொல்லும் அளவுக்கு அது தேறியிருந்தது. அவர் மட்டும் அதற்குக் காற்று. புட்டசாமி எனக்குச் சால்வை போர்த்தினார்.

மழைக்கு முன்னால் செண்பகத்தின் கீழ்க்கிளைகளைக் கழித்தேன். எல்லோரும் செய்வதுதான். பிறகு பூ எட்ட வேண்டுமானால் சம்பின் மூடி மேல்தான் ஏற வேண்டும். அது பழைய தகரம், அடியில் துரு. எடை பார்ப்பது என் தொழில் என்று சொன்னேன் அல்லவா? ஒரு பூனையைத் தாங்கும். தேங்காய் மூட்டையை வைத்தபோது முனகியது. புது மூடி கடையில் கிடைக்கும், தெரியும். தண்ணீர் வந்த நாளில் சம்பை விளிம்புவரை நிரப்பி வைத்தேன். தண்ணீரைச் சேமிக்கச் சொல்லி அரசாங்கமே சொல்கிறது.

அன்று காபி கலந்துகொண்டிருந்தேன். சம்பின் தகரம் உடைந்து உள்ளே போன சத்தம் கேட்டது. போனை எடுத்துப் பார்த்தேன். மணி அடிக்கவில்லை. பெருமையாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

பிறகு குரல் வந்தது. பெரிதாக ஒன்றும் கத்தவில்லை, அவர் மானஸ்தர். "ஹெப்பாரே... கால் எட்டல. கொஞ்சம் கை குடுங்க. இனிமே வர மாட்டேன்." பூவைப் பற்றி அவர் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அதுதான், அதுவும் தண்ணீருக்குள்ளிருந்து.

அப்போதுதான் போன் அதிர்ந்தது. தண்ணீரில் அவருடைய குல்லா கழன்றுபோயிருந்தது. நரைத்த தலை, விளிம்பைப் பிடித்த இரண்டு கைகள். அந்தக் கோலத்தில் கேமரா அவரைப் பார்த்ததே இல்லை. அதற்குச் சந்தேகம் வந்துவிட்டது. அவ்வளவு நாள் நான் கற்றுக்கொடுத்த பிறகும் கேட்டது, ஸார்: இது ஆளா?

அதனால்தான் சொல்கிறேன், கேமராவைக் குறை சொல்லாதீர்கள். அதற்குத் தெரிந்துவிட்டது. ஆம் என்று ஒரு விரல் பட்டிருந்தால் காவலாளி ஓடி வந்திருப்பார், தெருவே வந்திருக்கும். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படத்தை நன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். அவசரப்பட்டு எதையும் அழுத்துகிறவன் இல்லை நான்.

இல்லை என்று அழுத்தினேன்.

'உங்கள் திருத்தத்துக்கு நன்றி' என்று வந்தது. துல்லியத்தின் அருமை தெரிந்தது அது ஒன்றுக்குத்தான். காபி ஆறிவிட்டதே, ஸார், வேறு கலக்கட்டுமா?