அரிசி கழுவிய நீரின் நிறம்

அத்தான்: மெதுவா... மெதுவாப் பேசு குட்டி. புது வீடு, சமையலறைக்கு இன்னும் கதவு மாட்டலே. இங்க தும்மினா அங்க உங்க அக்காவுக்குக் கேக்கும்.

தங்கை: நான் எங்கே பேசினேன்? நீங்கதான் அத்தான், அந்தக் காகிதத்தைச் சடசடன்னு பிரிக்கறீங்க.

அத்தான்: சரி, வரிசையாச் சொல்லிடறேன், கேட்டுக்கோ. கதவு நிலை எல்லாம் அழுத்தமான நிறம். சுவர் வெளுப்பு. ஸ்விட்சைச் சுத்தி...

தங்கை: ஆரஞ்சு. குளியலறைப் படி ஓரத்துக்கு மஞ்சள் பட்டை. தரையில விரிப்பே கூடாது. எல்லாம் தெரியும் அத்தான். வீட்டுக்கு உள்ளலங்காரம் பண்றதுதானே என் பொழப்பு. பார்வை போயிட்டிருக்கறவங்களுக்கு இதுக்கு முந்தியே ரெண்டு வீடு பண்ணிக் கொடுத்திருக்கேன்.

அத்தான்: அந்த வார்த்தையைச் சொல்லாதேன்னேன் இல்லே?

தங்கை: சரி, இனிமே சொல்லலே.

அத்தான்: டாக்டர் என்னை மட்டும் வெளியில கூப்பிட்டுச் சொன்னார். ஒரு வருஷம்... மிஞ்சிப் போனா ஒன்றரை. மருந்து கிடையாது, ஆபரேஷன் கிடையாது. இப்பவே வீட்டைத் தயார் பண்ணிக்கோங்கன்னு சொல்லி முதுகுல தட்டிக் கொடுத்தார்.

தங்கை: அக்காகிட்ட என்னன்னு சொல்லி வச்சிருக்கீங்க?

அத்தான்: கண்ணு வறண்டு போயிருக்கு, சொட்டு மருந்து போட்டாச் சரியாயிடும்னு.

தங்கை: நம்பிட்டாளா?

அத்தான்: வேளை தவறாமப் போட்டுக்கறா.

தங்கை: பேசாம உண்மையைச் சொல்லிடலாமே அத்தான்...

அத்தான்: முப்பது வருஷமா தையல் நூல் கடையில உக்காந்து, துணிக்கு ஏத்த நூல் எடுத்துக் கொடுக்கறவ. அவகிட்டப் போய்... எப்படி? நீ சொல்றியா?

தங்கை: என்னால முடியாது அத்தான்.

அத்தான்: பாத்தியா. நாளைக்குக் காலையில பெயிண்டர் வந்துடுவார். இன்னிக்கு அவ வாயால சரின்னு ஒரு வார்த்தை வரணும். பத்திரிகையில போட்டிருக்கான், இப்ப இதுதான் நாகரிகம்னு ஏதாவது அளந்து விடு.

தங்கை: வாடிக்கைக்காரங்ககிட்ட நான் பொய் சொல்றதில்லே.

அத்தான்: ஓஹோ? எங்க பழைய வீட்டுக்கு எதிர்வீட்டுல, உன் வாடிக்கைக்காரர் வாங்கின அந்தப் பச்சை சோபாவைப் பாத்து, "ரொம்பப் பொருத்தம்"னியே?

தங்கை: அது மரியாதை.

அக்கா: என்ன மரியாதை? யாருக்கு யார் கொடுக்கறா?

அத்தான்: வந்துட்டியா! அளவெல்லாம் எடுத்தாச்சா?

அக்கா: எடுத்தாச்சு. சமையலறை ஜன்னல் ஒரு பக்கம் உயரம், ஒரு பக்கம் குட்டை. கட்டினவருக்குக் கழுத்துச் சுளுக்கு போல இருக்கு. குட்டி, மாதிரித் துணியெல்லாம் கொண்டு வந்தியா?

தங்கை: கொண்டு வந்திருக்கேன். முதல்ல என் திட்டத்தைக் கேளு. நடுவுல பேசக் கூடாது.

அக்கா: நான் எப்ப நடுவுல பேசினேன்?

தங்கை: இப்ப. சுவர் எல்லாம் பளிச்சுனு வெள்ளை. கதவு நிலைக்கு மட்டும் கருநீலம்...

அக்கா: கருநீலமா? கதவுக்குக் கண்மை தீட்டி விட்ட மாதிரி இருக்குமே!

அத்தான்: நல்லாத்தானே இருக்கும்?

அக்கா: நீங்க கொஞ்சம் சும்மா இருங்க. கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷம், சட்டைக்குக் கூட ஒரு நிறம் சொன்னதில்லே. ஒரு கால்ல கறுப்பு, ஒரு கால்ல பழுப்புன்னு காலுறை மாட்டிட்டு ஆபீசுக்குப் போனவர்தானே?

அத்தான்: அன்னிக்கு அவசரம்.

அக்கா: மூணு நாளும் அவசரமா? சரி, நீ சொல்லு குட்டி.

தங்கை: ஸ்விட்ச் பலகையைச் சுத்தி ஆரஞ்சு.

அக்கா: ரோட்டுல பள்ளம் தோண்டியிருக்கு, பாத்துப் போங்கன்னு வைப்பாங்களே, அந்த ஆரஞ்சா?

தங்கை: அக்கா... ஒரு வீட்டுல எல்லாமே அடங்கின நிறமா இருந்தா வீடு தூங்கிடும். அங்கங்கே ஒரு தூக்கல் வேணும்.

அக்கா: தூக்கல் ஒண்ணு இருந்தாத் தூக்கல். பதினேழு ஸ்விட்ச்சும் தூக்கலா நின்னா அது ஊர்வலம். அப்புறம்?

தங்கை: தரைக்கு விரிப்பு வேண்டாம்.

அக்கா: ஏன்?

தங்கை: தூசி சேரும்.

அக்கா: போன மாசம் நீதானே விரிப்பு இல்லாத ஹால் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும்னே?

தங்கை: அது... பழைய வீட்டுக்குச் சொன்னேன்.

அக்கா: இந்த வீட்டுல மட்டும் தூசிக்கு வழி தெரியுமாக்கும். சரி, நாற்காலிக்கு?

தங்கை: நாலு நாற்காலிக்கும் நாலு வேற துணி. அத்தானுக்கு வழவழன்னு சாட்டின். உனக்கு நல்லா வரி வரியா, தொட்டாத் தெரியற மாதிரி சொரசொரன்னு ஒண்ணு.

அக்கா: ஏன், நான் என்ன யானையா, உரசிக்க?

அத்தான்: ஹா...

அக்கா: சிரிக்காதீங்க. உங்களைச் சாட்டின்ல உக்கார வச்சா வழுக்கி விழுவீங்க. இன்னும் இருக்கா?

தங்கை: படுக்கையறையிலேருந்து குளியலறை வரைக்கும், சுவர்ல இடுப்பு உயரத்துக்கு ஒரு சணல் நாடா ஒட்டலாம்னு...

அக்கா: எதுக்கு?

தங்கை: ஒரு... கரை மாதிரி. துணிக்குக் கரை இருக்கறதில்லையா?

அக்கா: துணிக்குக் கரை ஓரத்துல இருக்கும். நடு வயித்துல இருக்காது.

அத்தான்: அவ படிச்சவ. நாலு வீடு பாத்தவ. ஒரு விஷயத்துல அவ சொல்றதைக் கேட்டாத்தான் என்ன?

அக்கா: கேட்டுட்டேனே. இப்ப என்னோடதை நீங்க கேளுங்க. அந்தத் துணிக் கத்தையைக் கொடு குட்டி. ஜன்னல் பக்கம் வாங்க, இங்கதான் வெளிச்சம். இதோ... சுவருக்கு இது.

தங்கை: வெள்ளைதானே?

அக்கா: வெள்ளையா? அரிசி கழுவின தண்ணி இது. ரெண்டாம் தண்ணி. முதல் தண்ணின்னா இன்னும் கொஞ்சம் கலங்கல். இந்தச் சுவருக்கு நேரா, ஜன்னல்ல ரெண்டு திரை. உள்பக்கம் மெல்லிசு லினன், வெங்காயத்தோல் நிறத்துல. வெளிப்பக்கம் இது, புறாக்கழுத்து. காலையில வெயில் வந்தா வெங்காயத்தோல் வழியா வடிஞ்சு, எதிர்ச்சுவர் லேசா சிவக்கும். ரொம்ப இல்லே, வெக்கப்பட்ட மாதிரி. சாயங்காலம் புறாக்கழுத்தை இழுத்து விட்டா அதே சுவர் ஊதாவுக்கு இறங்கும். ஒரு சுவர்தான். ஒரு நாளைக்கு நாலு தடவை மாறும்.

அத்தான்: நாலு தடவையா?

அக்கா: பெரிய இடத்துக்கு வாய் பேசாத நிறம். அது பக்கத்துல அதோட தங்கச்சி மாதிரி ஒரு நிறம். துணியும் அப்படித்தான். லினன் வெளிச்சத்தை வடிகட்டிக் கொடுக்கும். வெல்வெட் குடிச்சுட்டு உக்காந்துக்கும். அதனால சோபாவுக்கு வெல்வெட் வேண்டாம், பருத்தி போதும். அதுக்கு மேல மூணு திண்டு. இது பூனைச் சாம்பல், இது மழைமேகச் சாம்பல், இது பென்சில் சீவின சாம்பல்.

தங்கை: ரெண்டாவதும் மூணாவதும் ஒண்ணுதானே அக்கா?

அக்கா: ஒண்ணா! நீயா இந்தத் தொழில் பண்றே? இதுல துளி பச்சை ஓடுது. இதுல ஓடலே. தள்ளி வச்சுப் பார்... ம், இன்னும் கொஞ்சம் வெளிச்சத்துக்குக் கொண்டு வா... ஆமா, இதுலதான் ஓடுது.

தங்கை: அக்கா, இது எதுவுமே... எதுவும் எதுலேருந்தும் பிரிஞ்சு தெரியாதே. சுவரும் திரையும் சோபாவும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு கரைஞ்சு போயிடும்.

அக்கா: கரையறதுதான் அழகு.

அத்தான்: கரையக் கூடாது!

அக்கா: ஏங்க... ஏன் கத்தறீங்க?

அத்தான்: கத்தலே. கரைஞ்சா... கரைஞ்சா எது எங்கே இருக்குன்னு எப்படித் தெரியும்? கதவு எங்கே, நாற்காலி எங்கே... யாராவது இடிச்சுக்க மாட்டாங்களா?

அக்கா: யாரு இடிச்சுக்கப் போறா? இருக்கறது நாம ரெண்டு பேரு.

அத்தான்: அதான்... ரெண்டு பேரு...

தங்கை: அத்தான், தண்ணி மோட்டாரைப் பாக்கறவர் கீழே வந்திருக்காரான்னு பாத்துட்டு வாங்களேன்.

அத்தான்: ஆமா... ஆமா, வந்திருப்பார். பாத்துட்டு வந்துடறேன். நீங்க பேசி முடிவு பண்ணி வைங்க. நல்ல முடிவாப் பண்ணுங்க.

அக்கா: போறார் பார். படி இறங்கற சத்தமே சரியில்லே. அழுதுட்டுப் போறார்.

தங்கை: இல்லேக்கா, தூசி...

அக்கா: இன்னிக்கு எல்லாப் பழியும் தூசிக்கா?

தங்கை: சரி, விடு. எனக்காக ஒண்ணே ஒண்ணு. அந்தக் கதவு நிலையை மட்டுமாவது கருநீலத்துக்கு விட்டுக் கொடேன். நான் உங்கிட்ட எதுவும் கேட்டதில்லே...

அக்கா: பொய். ஆறாவது படிக்கறப்ப என் சைக்கிளைக் கேட்டு மூணு நாள் சாப்பிடாம இருந்தே.

தங்கை: விளையாடாதே அக்கா.

அக்கா: நான் விளையாடலே. நீதான் விளையாடறே, அதுவும் ஒழுங்கா விளையாடத் தெரியாம. அந்தக் கணக்கு வாத்தியார் வீட்டுக்கு நீ அலங்காரம் பண்ணினியே, ஞாபகம் இருக்கா?

தங்கை: எந்த... எந்த வாத்தியார்?

அக்கா: கண்ணு தெரியாமப் போச்சே, அவர். நாற்காலிக்கு நாற்காலி வேற துணி. தடவிப் பாத்தே தன் நாற்காலியைக் கண்டுபிடிச்சு உக்காந்துடுவார்னு பெருமையாச் சொன்னே. நடைச் சுவர்ல ஒட்டினியே சணல் நாடா, அதை மடிச்சுத் தைக்க நூல் எங்கே வாங்கினே?

தங்கை: நூலா? அது... எங்கேயோ...

அக்கா: என் கடையில. நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அவருக்குப் போட்ட சட்டையையே எனக்கும் தைக்கறியே, ஒரு பொத்தானையாவது மாத்தித் தைக்க வேண்டாமா?

தங்கை: அக்கா... அக்கா, நான்... அத்தான்தான் சொல்லக் கூடாதுன்னு...

அக்கா: அழாதே. துணி மேல சொட்டுது பார், கறை நிக்கும். தள்ளி உக்காரு.

தங்கை: இப்பத்தான் புரிஞ்சுதா உனக்கு? நான் நாடான்னு வாயைத் திறந்தப்பவா?

அக்கா: இப்பவா! ஒருநாள் கடையில ஒரு அம்மாவுக்குப் பச்சை ஓடற சாம்பலுக்கு நீலம் ஓடற சாம்பல் நூலைக் கொடுத்துட்டேன். மறுநாள் திருப்பிக் கொண்டு வந்தாங்க. கோபப்படலே. "உங்களுக்கே தப்பிப் போச்சா?"ன்னு ஆச்சரியமாக் கேட்டாங்க. அன்னிக்குச் சாயங்காலமே தனியாப் போய் டாக்டர்கிட்டக் காட்டிட்டேன். உங்க அத்தான் பிடிவாதமா என்னை அதே டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனது அதுக்கு மூணு மாசம் கழிச்சு.

தங்கை: அப்ப, டாக்டர் அத்தானை மட்டும் வெளியில கூப்பிட்டது...

அக்கா: நான் கேட்டுக்கிட்டதுதான். "என் முகத்துக்கு நேரா அவர்கிட்டச் சொல்லாதீங்க. எனக்காகத் தைரியமா இருக்கற மாதிரி நடிக்கப் பாப்பார், வராது அவருக்கு. தனியாக் கூப்பிட்டுச் சொல்லுங்க, கொஞ்சம் அழுதுட்டு வரட்டும்"னு முன்னாடியே போன்ல சொல்லி வச்சிருந்தேன்.

தங்கை: ரெண்டு பேரும் ஒருத்தருக்குத் தெரியாம ஒருத்தர்... இது என்னக்கா கூத்து? அவர் வந்ததும் சொல்லிடலாம்.

அக்கா: சொல்லாதே. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சாத்தான் அவருக்குச் சோறு இறங்குது. அந்தச் சொட்டு மருந்தை அவரே எடுத்துட்டு வந்து ஊத்தறார். பாதி கன்னத்துலதான் விழும். வெறும் தண்ணிதான்னு எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். இருந்தாலும் ஊத்தி முடிச்சதும், "இன்னிக்குப் பரவாயில்லையா?"ன்னு கேப்பார். பரவாயில்லைம்பேன். அதுவும் இல்லைன்னா அவர் என்ன பண்ணுவார்?

தங்கை: ஐயோ, அக்கா...

அக்கா: மூக்கைச் சிந்து. அவர் வந்துடப் போறார். ஸ்விட்சுக்கு உன் ஆரஞ்சைப் போட்டுக்கோ. படிக்கு மஞ்சளும் போட்டுக்கோ. ஜெயிச்சுட்டோம்னு அவருக்குக் கொஞ்சம் மனசு ஆறட்டும்.

தங்கை: சுவரு? திரை?

அக்கா: அது நான் சொன்னபடிதான்.

தங்கை: இவ்வளவும் தெரிஞ்சுமா? ஏன்க்கா இப்படி அடம் பிடிக்கறே? இந்த மங்கல் நிறத்துக்குள்ள உன்னை விட்டுட்டு நான் எப்படிக் கதவைச் சாத்திட்டுப் போவேன்? உனக்கு வழி காட்ட ஒரு நிறம் கூட இதுல இல்லையே!

அக்கா: வழி காட்டற நிறமெல்லாம் எங்கேயும் போயிடாது குட்டி. உன் கருநீலம் கடைசி வரைக்கும் நிக்குமாம், டாக்டரே சொன்னார். முதல்ல போறது இதுங்கதான்... இந்த மெல்லிசுங்க. ஒண்ணொண்ணா, சொல்லிக்காமப் போயிடுமாம். வெங்காயத்தோலும் புறாக்கழுத்தும் எனக்கு ஒண்ணாத் தெரியற அன்னிக்கு நானே உன்னைக் கூப்பிடறேன். பெயிண்டரோட வந்து எல்லாத்தையும் மாத்திக்கோ, வாயே திறக்க மாட்டேன். அது வரைக்கும்... இதுங்க நடுவுல உக்காந்து பாத்துக்கறேன், விடு.