தாள் புடிக்குதா

“எலி கடிச்சிருக்கும்டி, நம்ம வீட்டுல எலிக்கா—”

“எலி கடிச்சா கோடு போட்ட மாதிரியா கிழியும்? மதுரை ரிப்பேர்காரரு பாத்ததுமே சொல்லிட்டாரும்மா, பிளேடுன்னு—”

“உப்புக்காத்துக்குத் தோலு வெடிக்காதா?”

“அம்புட்டு மூடி இருக்க, ஒண்ணே ஒண்ணுலயா வெடிக்கும்?”

சாக்ஸபோனைத் துடைக்கப் பழைய நூல்சேலைதான் நல்லது. நாற்பது வருடமாக அதில்தான் துடைத்தேன். என் மகள் பிரெசில்லா, அப்பா வாசித்ததைக் கோயில் பேண்டுக்குக் கொடுக்கலாமென்று, பழுது பார்க்க மதுரைக்குக் கொண்டுபோனாள். வந்ததும் இப்படிக் கேட்கிறாள். சொல்லிவிடுகிறேன்.

பிரான்சில் செய்தது அது. மாமனார் கொழும்பிலிருந்து கொண்டுவந்தார். விரிந்த வாயில் உளியால் கொத்திய பூங்கொடி. விரல் படும் பொத்தானெல்லாம் முத்துச்சிப்பி. கட்டைவிரல் உரசிய இடத்தில் மட்டும் முலாம் போய்ப் பித்தளை தெரியும். “புதுசெல்லாம் முன்வரிசைக்குத்தான் கேக்கும் லீமா. இது வாசல்ல செருப்பு விடுறவனுக்கும் கேக்கும்” என்பார் என் கணவர் சவேரியார். வேறு யாரையும் தொடவிட மாட்டார். மண்டபம், தொண்டி, ஓரியூர் என்று எங்கே தேர்ப்பவனி, எங்கே சவ ஊர்வலம் என்றாலும் கிளம்பிவிடுவார். எங்கள் முதல் பிள்ளை பிறந்த மூன்றாம் நாள் இறந்தபோதும் தொண்டியில் வாசித்துக்கொண்டிருந்தார். அதை நான் குறையாகச் சொல்லவில்லை.

சாக்ஸபோனின் துளைகளைத் தோல் பதித்த மூடிகள் அடைக்கும். மேல்மூடி ஒன்றில் காற்றுக் கசிந்தால் கீழ்ச்சுரம் எதுவும் ஒழுங்காகப் பேசாது. மூடிக்கடியில் சிகரெட் தாளை வைத்து இழுத்துப் பார்க்க வேண்டும். தாள் பிடித்தால் கசிவில்லை. சர்க்கரையில் அவருக்கு விரல்நுனி மரத்த பிறகு, அது என் வேலை.

ஈஸ்டருக்கு மறுநாள் அவர் குளிக்கப் போனபோது மேல்மூடித் தோலைக் கீறினேன். அரை நகம் அளவுதான். வந்து ஊதினார். கீழ்ச்சுரம் இருமியது.

“லீமா, தாள் புடிக்குதா?”

“புடிக்குதே.”

“அப்ப எனக்குத்தான் மூச்சுப் போயிருச்சு.”

நான் மறுக்கவில்லை. இனி அலைய வேண்டாம், வீட்டிலேயே இருங்கள் என்றேன். இருந்தார். நான் மீன் கழுவினால் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார். காலையில் ஒருமுறை ஊதுவார், தாள் பிடிக்கிறதா என்று கேட்பார், நானும் பிடிக்கிறது என்பேன். ஒரு மாதத்தில் ஊதுவதை விட்டார். பிறகு சோற்றை விட்டார்.

ராமநாதபுரத்து டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நெஞ்சு சுத்தமாக இருக்கிறது, மூச்சுக்கு ஒன்றும் குறைவில்லை, சாப்பிட மட்டும் வையுங்கள் என்றார். அதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் கருவியைச் சந்தேகப்படுவார். பெட்டியில் புதுத்தோல் இருந்தது. மாற்ற அரைமணி நேரம் போதும். எனக்கே மாற்றத் தெரியும். அவர் கஞ்சியைத் தள்ளி வைத்த நாளெல்லாம் அது அங்கேதான் இருந்தது. ஜூலையில், சந்தியாகப்பர் கோயில் கொடியேற்றத்துக்கு முந்தைய வாரம், சவேரியார் இறந்தார். அவருடைய சவ ஊர்வலத்தில் முன்னால் வாசிக்க ஆள் இல்லை.

இதையெல்லாம் பிரெசில்லாவிடம் சொன்னேன். எழுந்து போய்ச் சுவரோரம் நின்றாள். அவள் முதுகைப் பார்த்துத்தான் கேட்டேன்.

“மூணு மாசம்டி, ஒரு நாள்கூட வெளியூரு போகல. எங்கூட சந்தோசமாத்தானே இருந்தாரு, பிரெசில்லா?”