டைட்டஸ் கை வைப்பதற்கு முன்

மன்னிப்பைப் பற்றி இவ்வளவு நேரம் வேதாகமத்திலிருந்து சொன்னேன். நாலு பேர் கொட்டாவி விட்டீர்கள். சரி, ஒரு கம்ப்யூட்டர் கதை சொல்கிறேன், கேளுங்கள். சின்னக் கதைதான். சாமியார் கடிகாரத்தைப் பார்க்கிறார்... பார்க்கட்டும். குறித்து வைத்துக்கொண்டேன்.

ஒரு பெண்கள் கல்லூரி. பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் அங்கே படித்தவர்கள் கோபித்துக்கொண்டு எழுந்து போவீர்கள். அந்தக் கல்லூரியில் ஒரே ஒரு பெரிய கம்ப்யூட்டர். அதன் வயிற்றுக்குள் பல கம்ப்யூட்டர்கள். அட்மிஷனுக்கு ஒன்று, விடுதிக்கு ஒன்று, நூலகத்துக்கு ஒன்று. கண்ணால் பார்க்க முடியாது, கையால் தொட முடியாது, ஆனால் வேலை செய்யும். விர்ச்சுவல் மெஷின் என்பார்கள். ஏன் சிரிக்கிறீர்கள்? காணாததை விசுவசிக்கிறேன் என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் சொல்கிறவர்கள்தானே நீங்கள்?

இந்த மந்தையை மேய்க்க இரண்டு பேர். டைட்டஸ் மூத்தவர். எமில்டா இளையவள். படம், பொத்தான், மவுஸ் எதுவும் கிடையாது. ஒரு கறுப்புத் திரை. அதில் கட்டளையைத் தட்டச்சு செய்ய வேண்டும். ‘லிஸ்ட்’ என்றால் வரிசையாகக் காட்டும். ‘டெலீட்’ என்றால் அழித்துவிடும். நிச்சயமாகவா, வீட்டில் கேட்டாயா என்றெல்லாம் விசாரிக்காது.

இன்னொரு வசதி உண்டு. ஸ்னாப்ஷாட். மெஷின் இந்த நிமிடம் எப்படி இருக்கிறதோ, அப்படியே பிடித்து வைப்பது. ஏதாவது கெட்டுப்போனால் அந்த நிலைக்குத் திரும்பலாம். காரியம் முடிந்ததும் அதை அழித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் நாளுக்கு நாள் பருத்து இடத்தை அடைக்கும். இவர்கள் அழித்தார்களா?

எங்கே அழிப்பார்கள்? டைட்டஸ் ஒரு மெஷினைத் தொடப் போகிறார் என்றால், எமில்டா முந்திக்கொண்டு ஒரு ஸ்னாப்ஷாட் எடுப்பாள். எதற்கு? நாளைக்குப் பழி வந்தால் காட்டுவதற்கு. அதற்குப் பெயரும் வைப்பாள். ‘டைட்டஸ் கை வைப்பதற்கு முன்.’ அடுத்தது, ‘டைட்டஸ் மறுபடியும் கை வைப்பதற்கு முன்.’ அவர் மட்டும் சளைத்தவரா? ‘எமில்டா அழுவதற்கு முன்.’

இப்படி இருக்கும்போது விடுதி மெஷின் கெட்டுப்போனது. கெடுத்தது டைட்டஸ். பழி எமில்டா மேல். முதல்வர் சிஸ்டர் பிலோமின் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: “வெள்ளிக்கிழமை சாயங்காலம் விளக்கம் வேணும். சாட்சி இல்லாம வந்தா மெமோதான்.” எமில்டா பயப்படவில்லை. சாட்சிதான் இருக்கிறதே... ஸ்னாப்ஷாட்!

வெள்ளிக்கிழமை வந்தது. அன்றுதான் அட்மிஷனுக்கும் கடைசி நாள். வாசல் வரைக்கும் பிள்ளைகளும் தாய்மாரும் நிற்கிறார்கள். திடீரென்று எல்லா மெஷினும் உறைந்துவிட்டது. டிஸ்க்கில் எள் போட இடமில்லை.

எமில்டா கறுப்புத் திரை முன் உட்கார்ந்தாள். லிஸ்ட். வரிசையாக வந்தது பாருங்கள், அவர்கள் இருவருடைய வன்மமும்... டைட்டஸ், எமில்டா, டைட்டஸ், எமில்டா. மானம் போனது. டெலீட், டெலீட் என்று தட்டினாள். மெஷின்கள் எழுந்தன. கொஞ்ச நேரம் ஓடின. மறுபடியும் உறைந்தன. இன்னும் இடம் வேண்டும். மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. இருப்பதிலேயே பெரியது. விடுதி மெஷினுடையது.

பின்னால் நின்ற டைட்டஸ் மெதுவாகச் சொன்னார்: “அதையும் அழிச்சிரு எமில்டா. வேற என்ன செய்ய?”

“அது எதுன்னு தெரியுமா சார்?”

“தெரியும்.”

“தெரிஞ்சுதான் சொல்றீங்க.”

டைட்டஸ் ஏசியை அண்ணாந்து பார்த்தார். அது நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

திரையைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளக் கூடாதா என்று அங்கே ஒரு அம்மா கேட்கிறார். போட்டோவில் பெயர்தான் விழும். பெயரை யாரும் எழுதிவிடலாம், அம்மா. ஸ்னாப்ஷாட்டையே திறந்து, ஓடவிட்டு, ‘பாருங்கள், அவர் தொடும் முன் நன்றாக இருந்தது’ என்று காட்டினால்தான் சாட்சி. வேறு இடத்துக்கு மாற்ற அரை நாள் பிடிக்கும். வாசலில் நிற்கிற பிள்ளைக்கு அரை நாள் இல்லை.

ஜன்னல் வழியாக ஒரு தாயின் குரல். “ஏ பிள்ளை, வேலை செய்யுமா, செய்யாதா? சொல்லிட்டா நாங்க பஸ்ஸப் பிடிச்சுப் போயிருவோம்.”

எமில்டா பார்த்தாள். ‘டெலீட்’ என்று எழுதினாள். ஒரு விரல்... என்டர்.

திரை ஒன்றும் சொல்லவில்லை. சபாஷ் என்றுகூடச் சொல்லவில்லை. ‘ரெஸ்யூம்’ என்று தட்டினாள், விட்ட இடத்திலிருந்து ஓடு என்று அர்த்தம். மெஷின்கள் எழுந்தன. ஓடின. நின்ற பிள்ளைகள் எல்லாரும் பதிந்துவிட்டுப் போனார்கள்.

சாயங்காலம் சிஸ்டர் கேட்டார்: “சாட்சி எங்க?”

“காலையில இருந்துச்சு சிஸ்டர். அதை அழிச்சுத்தான் அட்மிஷன் ஓடுச்சு.”

மெமோ கிடைத்தது. டைட்டஸ்? மனம் திரும்பி, கண்ணீர் விட்டு, உண்மையை ஒப்புக்கொண்டார் என்று எதிர்பார்க்கிறீர்கள். இல்லை. டீ குடிக்கப் போனார். அவளுக்கும் சேர்த்து ஒரு வடை வாங்கி வந்தார். அவ்வளவுதான் அவரால் முடிந்தது.

தாய்மார்களே, உங்களில் எத்தனை பேர் ‘நாத்தனார் வாய் வைப்பதற்கு முன்’ என்று ஒன்றைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள்? மகளுடைய நிச்சயதார்த்தத்தில் யார் யாரை ‘வாங்க’ என்று கூப்பிடவில்லை என்று எத்தனை ஸ்னாப்ஷாட்? நீங்கள் சொல்வது பொய் என்று நான் சொல்லவில்லை. நாத்தனார் அப்படித்தான் சொன்னாள். சாட்சி பக்காவாக இருக்கிறது. வழக்குப் போட்டால் நீங்கள்தான் ஜெயிப்பீர்கள்.

ஆனால் உள்ளே இடமில்லை, அம்மா. வாசலில் உங்கள் பிள்ளைகள் நிற்கிறார்கள். ‘வேலை செய்யுமா, செய்யாதா’ என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு என்ன பதில்?

அவள் திருந்தட்டும், பிறகு மன்னிக்கிறேன் என்றால் திருந்த மாட்டாள். வடைதான் வரும். வருகிற வடையைத் தின்றுவிட்டு என்டரைத் தட்டுங்கள்.

நான் உட்காருகிறேன். சாமியார் கடிகாரத்தைப் பார்த்தார் என்று குறித்து வைத்தேனே... அழித்துவிட்டேன்.